கொண்டி வெளியே இருந்த வண்டி

மகனே, உனக்கு இப்போது ஆறு வயது, எனக்கு முப்பத்தொன்று. இதை நீ வாசிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும், அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக இருப்பாய், யாரையாவது ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு வண்டியில் புறப்படத் தயாராக நிற்பாய். அந்த வயதுப் பிள்ளைக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டேன், அது எப்படிப் போனது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நம் சொந்தக்காரர்கள் உனக்கு ஒரு கதையைப் பல தடவை சொல்லியிருப்பார்கள். சீகிரியாவுக்குப் போன பயணத்தில் உன் அப்பா உன்னை மிளகு மூட்டையைப் போல வண்டிக்குள் போட்டு, வெளியே கொண்டி போட்டுவிட்டு மறந்துபோனார் என்ற கதை. அதில் வண்டி உண்மை, கொண்டி உண்மை, நீ உள்ளே கிடந்து கத்தியதும் உண்மை. அப்பா மட்டும் பொய். கொண்டியைப் போட்டது நான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

பிள்ளைக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் மேல் எனக்கு மரியாதை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில், ஃபேஸ்புக்கில் நிறைய வாசித்திருக்கிறேன். உன்னை இன்னும் அதிகமாக மடியில் வைத்திருக்கலாம், உன்னோடு இன்னும் அதிகமாக விளையாடியிருக்கலாம் என்று, யாரும் கேட்காத சின்னத் தப்புகளை ஒப்புக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். பெரிய தப்பை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். வாசிப்பவர்களும் இதயப் படம் போட்டுவிட்டுப் போவார்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்தால் நீ இந்தக் கடிதத்தை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிடு.

பயணத்துக்கு ஆசைப்பட்டது நான்தான். பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, உட்கார மேசைகூட இல்லாமல் அரசாங்கக் கந்தோர்களில் நிரப்பிய காலத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்காலி இருந்தது, வேலை இல்லை, ஃபோன் இருந்தது. வெள்ளைக்காரத் தம்பதிகள் பிக்கப் வண்டியின் முதுகில் தாங்களே பலகை அடித்து ஒரு குட்டி வீடு கட்டி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, ஹோட்டலுக்குக் காசு கொடுக்காமல் நாடு நாடாகச் சுற்றும் வீடியோக்களை நாள் முழுக்கப் பார்த்தேன். காலையில் பின்கதவு திறக்கும், எதிரே கடல் இருக்கும், ஒருத்தி கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தலை கலையாமல் நிற்பாள். எழுந்ததும் அவள் கக்கூசுக்கு எங்கே போனாள் என்று எந்த வீடியோவிலும் காட்டவில்லை. காட்டியிருந்தால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், நானும்தான். அந்த நேரம் பார்த்து உன் மாமா, அதாவது என் அண்ணன், குடும்பத்தோடு சீகிரியாவில் நீச்சல் குளம் வைத்த ஹோட்டலில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து படங்களாக அனுப்பித் தள்ளினார். அன்று மாலையே உன் அப்பாவிடம் ஃபோனை நீட்டி, "பாருங்க, மனுசங்க எப்படி வாழுறாங்கன்னு" என்றேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். படத்தில் இருந்த பெண்ணைப் பார்க்கவில்லை, பலகை மூலைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தார். "இதுக்கென்னா, நானே அடிச்சித் தாரேன்" என்றார்.

உன் அப்பா நம் ஊர் பல்லேபொலையில் லொறிக்குப் பொடி கட்டுகிறவர். வெறும் சட்டமும் சக்கரமுமாக வரும் லொறிக்குப் பலகையும் இரும்பும் அடித்துப் பின்பெட்டி கட்டிக் கொடுப்பது அவர் தொழில். நான் கெம்பஸ் முடித்துவிட்டு அவரை விரும்பிக் கட்டிக்கொண்டேன். செய்தது தப்பில்லை என்று அண்ணனுக்குக் காட்டுவதற்கே அதற்குப் பிறகு பாதி நேரம் போனது. காட்ட முடியாத நாட்களில் கோபம் எல்லாம் அவர் மேல்தான் இறங்கியது. வளர்ந்த பிள்ளை நீ, ஒன்று கேட்டுக்கொள்: யாருக்காவது நிரூபித்துக் காட்டுவதற்காக ஒரு பெண்ணைக் கட்டாதே. நிரூபித்து முடித்ததும் அவளை எங்கே வைப்பது என்று தெரியாது.

மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அந்த வண்டிக்குக் கொடுத்தார். பட்டறையின் பழைய பிக்கப் அது. கிழமை நாளில் பலகை ஏற்றும், அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மிளகு மூட்டைகளை ஏற்றும், அதன் தட்டில் முகத்தை வைத்தாலே தும்மல் வரும். அதன்மேல் ஒரு பெட்டி எழும்பியது. கோயில் பந்தலில் மிஞ்சிய பிளைவுட், கழித்துப்போட்ட பஸ் ஒன்றின் இழுத்துத் திறக்கும் கண்ணாடி, தகரக் கூரை. மழைத் தண்ணீர் வழிய தரை கொஞ்சம் சரிவு. கயிறு கட்ட அடிக்கு ஒரு வளையம். மூலைகளில் தடித்த இரும்பு. நான் கேட்டது வீடு, வந்தது மரக்கறி லொறி. வீடியோவில் பார்த்ததுபோல குட்டி விளக்குச் சரம் ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன், திருவிழா முடிந்து ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு போகும் லொறிபோல ஆனது. பின்பக்கம் இரட்டைக் கதவு, அதற்கு ஒரு முழ நீள இரும்புக் கொண்டி, வெளியே.

"உள்ளுக்குக் கொண்டி எங்க?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு எதுக்கு?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைச் சொறிந்து சிரித்தார். பதினைந்து வருடத்தில் அவர் கட்டிய எந்தப் பெட்டிக்குள்ளும் ஆள் இருந்ததில்லை. சிமெந்தும் உருளைக்கிழங்கும் தானாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியதில்லை. "சரி, நாளைக்கே ஒண்ணு அடிச்சிருவோம்" என்றார்.

"வேணாம்" என்றேன். "புள்ள உள்ளுக்கு இருந்து போட்டுக்கிட்டா யாரு திறக்கிறது?"

இதைக் கவனமாக வாசி. வெளியே மட்டும் கொண்டி வைத்தது அவருடைய தொழில் பழக்கம், உள்ளே வேண்டாம் என்றது என் பயம். அதோடு நிற்கவில்லை. நீ பஸ் கண்ணாடி வழியாகக் கையை வெளியே நீட்டுவாய் என்று பயந்து, நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காதபடி ஆணி அடிக்கச் சொன்னேன். அவர் அடித்தார். உன் அம்மா படித்தவள், அதனால் உன் அம்மாவின் பயங்களுக்கெல்லாம் காரணம் இருக்கும். அதை எதிர்த்துப் பேச ஓ.எல். பரீட்சை தாண்டாத மனிதருக்கு வாய் வராது. நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். பிரேக், கேஸ் அடுப்பு, பாம்பு, யானை, குளம், காய்ச்சல், வயிற்றோட்டம், நாய். வண்டியில் பாதி இடம் என் மருந்துப் பைக்கே போனது. இத்தனைக்கும் பயந்த ஒருத்தி தன் கைக்குப் பயப்படவில்லை.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். நாலந்தா, சீகிரியா, பிறகு திருகோணமலைக் கடல் என்பது திட்டம். பாணும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டோம். நாலந்தாவில் கெடிகே என்கிற பழைய கற்கோயிலைப் பார்த்துவிட்டு வந்ததும், பின்னால் ஏறித்தான் வருவேன் என்று நீ அடம்பிடித்தாய். உன்னோடு நானும் ஏறினேன். கதவு மூடியது, கொண்டி விழுந்தது, பலகையில் இரண்டு அடி கேட்டது. "ரைட், ரைட்!" என்று உன் அப்பாவின் குரல். லொறியில் சாமான் ஏற்றி முடித்தால் எப்போதும் அப்படித்தான் தட்டி அனுப்புவார். நான் அலறினேன். அடுத்த நொடியே திறந்துவிட்டார், நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க என்னா மிளகு மூட்டையா?"

"கை பழகிப்போச்சி. கோவிச்சிக்காத."

நீ கெக்கெக்கே என்று சிரித்தாய். நானும் சிரித்தேன், சிரித்தபடியே ஃபோனை எடுத்து அண்ணிக்கு, அதாவது உன் மாமிக்கு, அழைத்து மிளகு மூட்டைக் கதையைச் சொல்லியும்விட்டேன். கட்டிய புருஷனை நாமே முதலில் கேலி செய்துவிட்டால் மற்றவர்கள் செய்வது வலிக்காது என்று நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் நான் தலைமைப் பதவி வகித்தேன்.

சீகிரியாவில் ஒரு த்ரீவீல் ஓட்டுநரின் வளவில் வண்டியை நிறுத்தினோம். அவருடைய தம்பியின் லொறிக்கு அப்பா பொடி கட்டிக் கொடுத்திருந்தார், அந்தப் பழக்கம். சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மா பலாக்காய்க் கறியும் சோறும் கொடுத்தாள், கிணற்றையும் கக்கூசையும் காட்டிவிட்டாள். அத்தனை வீடியோவிலும் இல்லாத ஒரே உபயோகமான காட்சி அதுதான். ஆனால் வேலிக்கு அப்பால் நூறு அடியில் குளம். குளத்துக்குப் போகும் வழியில் யானைச் சாணி, காய்ந்ததுதான், ஆனாலும் சாணி. சாப்பிட்டதும் நீ வண்டிக்குள் தூங்கிவிட்டாய். நான் இறங்கினேன், குளத்தைப் பார்த்தேன், சாணியைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனேன். அங்கே உன் அப்பா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிட வேலை. ஆனால் தூரத்தில் ஒரு ஹோட்டலின் ஓட்டுக் கூரை தெரிந்தது, நான் ஆரம்பித்தேன்.

"எங்க அண்ணன் மாதிரி ஒரு ரூம் எடுத்துக் குடுக்க வக்கில்ல. யாரோ வளவுல லொறியப் போட்டுட்டு ஊர் காட்டுறாராம்."

"நீதானே ஃபோன்ல காட்டின."

"நான் காட்டினது வீடு. நீங்க அடிச்சது மாட்டுக் கொட்டில்."

அவர் சவர்க்காரத்தைத் தொட்டு இன்னொரு தட்டைத் தேய்த்தார். பதில் பேசாதவரிடம் சண்டை பிடிப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். பிளைவுட்டைச் சொன்னேன், தும்மலைச் சொன்னேன், அவர் இடுப்பில் கட்டிய சாரத்தைச் சொன்னேன், எண்ணெய் ஏறிய நகத்தைச் சொன்னேன். கடைசியில், "ஓ.எல். தாண்டாத ஆளக் கட்டினா இதுதான் நடக்கும்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது. அரை மணி நேரம் நான் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அரை மணியில் எப்போது எழும்பினாய், எப்போது கூப்பிட ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியாது. மூன்று மணி வெயில், தகரக் கூரை, உள்ளே மிளகு நெடி.

துணி எடுக்க வெளியே வந்த அந்த வீட்டு அம்மாதான் உன் சத்தத்தைக் கேட்டாள். சிங்களத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தவள், எங்களைக் கண்டதும் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி! புள்ள! புள்ள!"

உன் அப்பா எனக்கு முன்னால் ஓடினார். கையெல்லாம் சவர்க்காரம், கொண்டி ஒரு தடவை வழுக்கியது. நான் பின்னால் வந்தபோது கண்ணாடி இடுக்கில் உன் விரல்களைப் பார்த்தேன். நான் விடச் சொன்ன நான்கு விரல் அகலத்தில் உன் நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. நீ நனைந்திருந்தாய், வேர்வையில் பாதி, மூத்திரத்தில் பாதி. அழுகை தீர்ந்துபோய் விக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. கதவு திறந்ததும் நீ கண்ட முகம் அப்பாவுடையது.

"அப்பா, ஏன் கொண்டி போட்டீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கடைசியாக வண்டியை விட்டுத் தட்டுகளோடு கிணற்றடிக்கு வந்தவள் நான், அவருக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். அதன்பிறகு அவர் உன் பக்கம் குனிந்து, "கைப்பழக்கம் மகன். அப்பா தெரியாம போட்டுட்டேன்" என்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் வெறும் கோழை. நான் வாயைத் திறந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் முன்னால், உன் முன்னால், அவரைப் பார்த்து, "உங்களுக்கு அறிவில்லையா?" என்று கேட்டேன்.

திருகோணமலைக் கடலை நாம் பார்க்கவில்லை. அன்று மாலையே திரும்பிவிட்டோம். நீ என் மடியில் தூங்கினாய். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி உன் அப்பா எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார், சீனி குறைவாக, எனக்குப் பிடித்த மாதிரி. அவர் ஒரு வார்த்தை திட்டினால் நானும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று பல்லேபொலை வரை காத்திருந்தேன். திட்டவில்லை. குற்றவாளிக்கு வழக்கையும் மற்றவர்களே தொடங்கித் தர வேண்டுமாம், பார்த்தாயா என் திமிரை. அடுத்த நாள் மாமா வந்தார். கதை கேட்டார், தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னா மச்சான், புள்ளைய சாமான்னு நெனச்சிட்டீங்களா?" உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஆமா மச்சான், தொழில் புத்தி."

ஒரு மாதம் கழித்துத்தான் அவரிடம் கேட்டேன். "ஏன் நீங்க சொல்லல?"

வண்டியின் கதவில் ஏதோ அளந்துகொண்டிருந்தார். "எனக்குத்தான் அறிவில்லன்னு ஏற்கனவே பேர் இருக்குதே. புதுசா இன்னொரு ஆளுக்கு எதுக்கு?" என்றார். பிறகு பென்சிலால் கதவில் ஒரு கோடு போட்டு, "அவன் உன்னக் கண்டு பயப்படக் கூடாது" என்றார். அன்று அவர் அளந்தது உன் நெஞ்சு உயரம். உள்பக்கத்தில், உன் கை எட்டும் இடத்தில், சின்னதாக ஒரு மரக் கொண்டி வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடியில் அடித்த ஆணியையும் பிடுங்கிவிட்டார். அதற்கும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போயிருக்கும். சொல்லாமல் விட்டதற்கு நான் வைத்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றும் படித்தவள் சொல்கிற காரணங்கள். பிள்ளை மறந்துவிடும், பழையதைக் கிளறக் கூடாது, அவரே பெரிதாக எடுக்கவில்லை. அப்படியிருக்க, போன மாதம் மாத்தளையில் மாமா குடும்பம் புது மாடி வீட்டுக்குக் குடிபோனது. பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமா வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தார். இந்தத் தடவை அவர் சொல்லி முடிக்கவில்லை, நீ முடித்தாய். எழுந்து நின்று மாமாவின் புதுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், ரைட்!" என்றாய். பிறகு, "எங்க அப்பாவுக்கு அறிவில்ல மாமா" என்றாய். கூடம் குலுங்கச் சிரித்தார்கள். நீ ஒரு பக்க உதட்டை இழுத்துச் சிரித்தாய். மகனே, அந்தச் சிரிப்பு நம் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. அது என்னுடையது. உன் அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கை கழுவ எழுந்து போனார். அவர் இலையில் சோறு பாதி அப்படியே இருந்தது.

உன் மூக்கு என்னைப் போல என்று சொல்வார்கள், சந்தோஷப்படுவேன். இந்தச் சிரிப்பையும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு வளர்ந்தால், இருபது வயதில் உன் அப்பாவோடு ஒரு மேசையில் உட்கார உனக்கு வெட்கமாக இருக்கும். யாராவது கேட்டால் "லொறி வேலை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாய். உன்னைக் காப்பாற்ற ஓடிய சவர்க்காரக் கையைப் பார்த்து முகம் சுளிப்பாய். எனக்கு அதுதான் பயம். யானையைவிட, குளத்தைவிட.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ வண்டிக்குள் விளையாடிக்கொண்டிருந்தாய், உள்கொண்டியைப் போட்டுக்கொண்டு. நான் வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"அம்மா. மகன், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

திறக்கவில்லை. பலகையைப் பார்த்தே சொன்னேன். "அன்னைக்கு சீகிரியாவில கொண்டி போட்டது அப்பா இல்ல. நான்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த விளையாட்டுக் காரின் சத்தம் நின்றது. "ஏன்?"

"நீங்க குளத்துக்கு ஓடிருவீங்கன்னு பயமா இருந்திச்சி."

"நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்."

நான் வெளிக் கொண்டியைப் பார்த்தேன், நீ அடுத்ததைக் கேட்டாய்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மாமாவுக்கு?"

"தெரியாது."

"மாமாகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாய். கதவு திறக்கவில்லை.

அங்கேயே நின்று மாமாவுக்கு அழைத்தேன். ஒரு மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அட, விடு தங்கச்சி. புருஷனக் காப்பாத்த நல்லாத்தான் கத கட்டுற. படிச்ச புள்ள நீ, நீ போய் அப்பிடிச் செய்வியா?" இன்னொரு தடவை சொன்னேன். "சரி சரி, நம்பிட்டேன்" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தார். என் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் நம்பாமல் இருப்பதற்குத் தேவையான எல்லாவற்றையும் இத்தனை வருடமும் அண்ணிக்குப் பத்து நிமிடம் பத்து நிமிடமாக ஃபோனில் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

திரும்பவும் கதவைத் தட்டினேன்.

"மாமா என்ன சொன்னாரு?"

"நம்பல மகன்."

நீ யோசித்தாய். உள்ளே நீ யோசிப்பதைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் உன் அப்பா வானொலிச் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப திரும்பச் சொல்லுங்க" என்றாய்.

திரும்பச் சொல்கிறேன். உனக்கு மட்டும் எழுதி அலுமாரியில் பூட்டிவைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். அண்ணே, நீங்களும் வாசியுங்கள், அண்ணிக்கும் வாசித்துக் காட்டுங்கள்: சாத்தியது நான், கொண்டி போட்டது நான், இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததும் நான். ஓடி வந்து திறந்தவர் அவர்.

இதை எழுதியவள்,
வண்டிக்கு வெளியே நிற்கும் உன் அம்மா.